சொந்த வீட்டுக்கு வாங்குற மாதிரி

"மொத மானிட்டர் நீங்க குடுத்ததுதான் அண்ணாச்சி. ரெண்டாவதையும் உங்ககிட்டயே வாங்கிகினு வரச் சொன்னாரு டாக்டரு. ஆனா இந்தவாட்டி படத்தப் போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்கணுமாம்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் யேசுதாஸ் இரண்டு தடவை இருமிவிட்டான். திருவொற்றியூர் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு வண்ணாரப்பேட்டை வந்து சேர்ந்ததில் சட்டையெல்லாம் தூசி.

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஞானதுரை பில் புத்தகத்தை மூடி வைத்தார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவர் மடியில் கனம் இருந்தது. போன வருஷம் முதல் தரத் திரைப் பேனல் என்று பில் போட்டு அவர் அங்கே அனுப்பியது இரண்டாம் தரம். குடோனில் அதே சரக்கு இன்னும் முப்பது கிடந்தது. விஷயம் வெளியே தெரிந்தால், பதினெட்டு வருஷம் கட்டிக் காத்த கடையின் பேர் ஒரே நாளில் நாறிப்போகும்.

"ரெண்டாவது எதுக்குத் தம்பி?"

"பழைய படத்த ஒண்ணுலயும் புதுப் படத்த ஒண்ணுலயும் போட்டுப் பக்கத்துல வச்சுப் பாக்க. அத்தோட..." யேசுதாஸ் இழுத்தான். "போன வாரம் டாக்டரு நம்ம பழைய படங்கள வேற ஆஸ்பத்திரில போட்டுப் பாத்தாரு. நம்ம மானிட்டர்ல தெரியாதது அங்க தெரியுதாம்."

"அங்க வெளிச்சத்தக் கூட்டி வச்சிருப்பான்" என்றார் ஞானதுரை சட்டென்று. பொய் சொல்ல அவர் என்றைக்கும் யோசித்ததில்லை.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் மனைவி ஜெயக்கொடி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன தம்பி இப்படி இருமுத? ஊருக்கெல்லாம் படம் எடுக்கியே, மொதல்ல உன்னய எடுத்துப் பாருப்பா" என்று சிரித்தாள்.

யேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். காபியைத் தொடவே இல்லை. அவள் நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள், பிறகு உள்ளே போனாள்.

ஞானதுரை இரண்டு மானிட்டர்களை மேஜை மேல் வைத்தார். ஒன்று குடோன் சரக்கு. இன்னொன்று, ராயபுரத்தில் கல்யாண ஆல்பம் போடுகிற ஒருவருக்காக வரவழைத்த விலை உயர்ந்த ஐட்டம். யேசுதாஸ் பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து இரண்டின் கீழ் மூலையிலும் ஒரு துண்டு ஒட்டினான்.

"பேஷண்ட் பேரு வெளிய தெரியக்கூடாது அண்ணாச்சி."

சிடியைப் போட்டான். இரண்டிலும் ஒரே நெஞ்சுக்கூடு வந்து நின்றது. குடோன் சரக்கில் கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. மற்றதில் காறை எலும்புக்குக் கீழே, எட்டணாக் காசு அகலத்தில், மங்கலாக ஒரு கறை.

"பாத்தியா, காசு கூட இருந்து என்ன பிரயோசனம்? பேனல்ல அழுக்கு" என்றார் ஞானதுரை.

யேசுதாஸ் மவுஸைப் பிடித்துப் படத்தை நகர்த்தினான். கறையும் கூடவே நகர்ந்தது. பேனலில் அழுக்கு என்றால் இருந்த இடத்தில்தானே இருக்க வேண்டும்? ஞானதுரைக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும் வாய் நிற்கவில்லை.

"அது ஆல்பம் போடுறவனுக்கு வந்ததுல்லா? இல்லாத நெறத்தயெல்லாம் கூட்டிக் காட்டும். கல்யாணப் பொண்ணுக்குச் சரி. இதுல பாத்தா, நல்லா இருக்கவனயும் சீக்காளின்னு எழுதிருவீங்க."

"இல்ல அண்ணாச்சி. இது நெசமா கீதுன்னா, அந்த ஆளுக்கு ஆறு மாசம் வீணாப் பூட்ச்சு." சொல்லும்போதே அவனுக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது.

ஞானதுரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆயிரம்தான் இருந்தாலும் பழகின பையன். "தம்பி... உன் படமாடே?"

"ஐயே, என்து இல்ல அண்ணாச்சி. இது வெறும் தூசி."

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. யாரோ எவரோ. முகம் தெரியாத ஒரு ஆளுக்காகக் கடையை இழுத்து மூட முடியுமா? உலகத்தில் நோயாளிக்கா பஞ்சம்?

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான் யேசுதாஸ். "எத நம்பலாம்?"

"இதத்தான்." குடோன் சரக்கின் தலையில் தட்டினார். பதினெட்டு வருஷமாக வருகிறவர் எல்லாரிடமும் சொல்கிற வசனம் தானாகவே வந்தது. "சொந்த வீட்டுக்கு வாங்குற மாதிரி நெனச்சுச் சொல்லுதேன். எம்பொண்டாட்டி பிள்ளைக்குன்னாலும் இதுலதான் பாப்பேன்."

யேசுதாஸின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்டித்தான் அண்ணாச்சி பாத்தோம். ஆறு மாசம் முன்ன நீங்க குடுத்த மானிட்டர்ல பாத்துட்டு, ஒண்ணும் இல்ல, வெறும் சளின்னு எழுதிக் குடுத்துட்டோம். உங்கள கையோட கூட்டிகினு வரச் சொல்லித்தான் டாக்டரு அனுப்சாரு. எனக்குத்தான் எப்டிச் சொல்றதுன்னு தெரியல."

கையை நீட்டி, மூலையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்தான். அதன் கீழே வெள்ளை எழுத்தில் இருந்தது: ஜெயக்கொடி ஞானதுரை, வயது நாற்பத்தொன்று.