பேர் வெட்டிய அடுக்கு

யமுனா இரண்டாவது தடவையும் கருவியின் ரகசிய நம்பரைத் தப்பாகத்தான் அழுத்தினாள்.

"அம்மிணி, கொஞ்சம் நிதானமுங்க. மூணாவதும் தப்பாயிட்டா உள்ள இருக்கறது மொத்தமும் அழிஞ்சு போயிருமுங்க" என்றேன்.

செம்மேட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற எங்கள் ஊர்க்கூட்டத்தில் பிட்காயின் விவரம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று அவள் புருஷன் சுரேந்தர் என்னைக் கூட்டி வந்திருந்தான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சு காலையிலேயே முடிந்துவிட்டது. இனி சேர்ந்து வாழ்வதில்லை. யமுனா பிள்ளையோடு பெரக்கரை நாட்டு அப்பன் வீட்டுக்குப் போகிறாள், சீர்ப் பாத்திரம் அவளோடு போகும். ஊர்ப் பெரியவர் செங்கோட்டையன் அதோடு துண்டை உதறி எழுந்திருப்பார். சுரேந்தர்தான் விடவில்லை. பென்டிரைவ் போலிருந்த இந்தக் கருவியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

மிளகுத் தோட்டத்து மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே லேப்டாப்போடு உட்கார்ந்து யமுனா வெளிநாட்டுக் கம்பெனிக்கு வருஷக்கணக்கில் வேலை பார்த்தாள். சம்பளம் பிட்காயினாக வந்தது. எல்லாம் இந்தக் கருவிக்குள்தான்.

"குடும்பத்துல இருந்துதான் சம்பாரிச்சா. குடும்பத்துக்குத்தான் சேரணும்" என்றான் சுரேந்தர்.

குடும்பமாம்! மிளகு விற்ற பணத்தையும் அவள் கழுத்துச் சங்கிலியையும் ஏதோ ஒரு ஆப்பில் போட்டு ஏமாந்துவிட்டு வந்து நிற்கிறவன் பேசுகிற பேச்சா இது? இதுவும் போனால் அவளுக்கும் பிள்ளைக்கும் நாளைக்கென்று ஒன்றும் கிடையாது.

திறந்து கொடுத்தால் எனக்குக் கால் பங்கு என்று சொல்லியிருந்தான். ஆசைப்பட்டுத்தான் வந்தேன், பொய் சொல்வானேன்.

பெரியவருக்கு நான்தான் விளக்கம் சொன்னேன். "பணம் இந்தப் பெட்டியில இல்லீங்க, சாவிதான் இருக்குது. பெட்டி கெட்டுப்போனாலும் பன்னண்டு இங்கிலீஷ் வார்த்தை இருக்குமுங்க. அதை வரிசை மாறாம வேற பெட்டியில போட்டா மறுபடியும் எல்லாம் வந்துருமுங்க. வழக்கமா பேப்பர்ல எழுதி வெச்சுக்குவாங்க."

பேப்பரும் கிடைத்திருந்தது. வீட்டையே புரட்டி, மரப்பெட்டியில் துணிக்கு அடியில் சுரேந்தர் அதைக் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் அவனுக்கு முன்னாலேயே கரையான் கண்டுபிடித்திருந்தது. முதல் வார்த்தை 'டைகர்' முழுசாக நின்றது. அடுத்தது 'அம்' என்பதோடு சரி. மிச்சமெல்லாம் மண். அது என்ன 'அம்' என்று நானும் மண்டையைக் குடைந்து பார்த்துவிட்டேன்.

யமுனா கருவியை மறுபடி கையில் எடுத்தாள். சுரேந்தரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, திரையைப் பார்க்காமலே அழுத்தினாள்.

திரை ஒரு நொடி இருண்டது. பிறகு, இன்றைக்குத்தான் கடையில் வாங்கியது போல 'வெல்கம்' என்றது.

"போச்சுங்க" என்றேன்.

சுரேந்தர் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அப்புறம் வாய்க்கு வந்தபடி ஏசினான். செங்கோட்டையன் ஒரு அதட்டுப் போட்டார்.

"இல்லாததைப் பிரிக்கறதுக்கு நான் எதுக்குடா? பாத்திரத்தை எடுத்து லாரியில ஏத்துங்க."

எனக்கும் கால் பங்கு போச்சே! பைத்தியக்காரி, தனக்கும் இல்லாமல் பண்ணிக்கொண்டாளே என்று மனசுக்குள் திட்டினேன்.

மாமியார் பழனாயி லேசுப்பட்ட ஆள் இல்லை. தன் வீட்டுக் கரண்டி ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்று வாசலிலேயே நின்றுகொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பேரைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. குடத்தில் 'மாமா மாதேஸ்வரன்'. தாம்பாளத்தில் 'பெரியம்மா பாப்பாயி'. எல்லாம் யமுனா பக்கத்துச் சொந்தம்தான். ஒவ்வொன்றாக லாரியில் ஏறின.

கடைசியில் மிஞ்சியது எவர்சில்வர் அடுக்கு. பெரிய டப்பாவில் தொடங்கி உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னது வரை, ஒன்றுக்குள் ஒன்று. யமுனா அதை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பழனாயி விடுவாரா? வாங்கி என் கையில் திணித்தார்.

பக்கவாட்டில் பேர் எதுவும் இல்லை. மூடியைத் திறந்து, உள் அடுக்கை வெளியே எடுத்துவிட்டுப் பெரிய டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் பொடி எழுத்தாக இங்கிலீஷில் வெட்டியிருந்தது.

டைகர்.

அடுத்த டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தேன்.

அம்ப்ரெல்லா.

அட! அதுக்குள்ளே இன்னும் பத்து டப்பா இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். யமுனா என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. நான் வாயைத் திறந்தால் என் கையைக் கடித்தாவது பிடுங்கிக்கொண்டு ஓடுவாள், அவ்வளவுதான். பிள்ளை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"டேய் செல்வம், நெசமாலுமே வேற வழியே இல்லையாடா? பாதி வேணாலும் எடுத்துக்கடா" என்று உள்ளேயிருந்து சுரேந்தர் புலம்பினான்.

பாதி!

பழனாயிக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன சாமி முழிச்சுட்டு நிக்கற? ஆரு பேரு போட்டிருக்குது அதுல?"

"யமுனா பேருதானுங்க."

"அந்தச் சின்னதுல?"

அம்ப்ரெல்லாவை டைகருக்குள் இறக்கி மூடியை அழுத்தினேன்.

"எல்லாத்துலயும் அவங்க பேருதானுங்க" என்று சொல்லி, அடுக்கை அவள் கையில் கொடுத்தேன்.