நாலாவது முறை

“அண்ணே, இன்னைக்கு நாலாவது முறையா கூப்பிட்டுட்டாங்க!” என்று உறுமிக்கொண்டே தண்ணீரை மேலே தள்ளியது மோட்டார். இந்த வாடகை வீட்டில் தன்னைப் போல வேண்டப்பட்டவர் வேறு யாருமில்லை என்று அதற்குப் பூரிப்பு தாங்கவில்லை.

“அட கிறுக்கா!” என்றது மாடித் தொட்டி. “பாத்ரூம் குழாய் ஒழுகுது. ஓனர் சரிபண்ணித் தரல. நீ ஏத்துறதுல பாதி சாக்கடைக்குத்தான் போகுது. கரண்ட் பில்லைப் பார்த்துட்டு ரெஜினா அழுறா. அவ காலி பண்ணிட்டா உன்னை யாருடா கூப்பிடுவா?”

“பொறாமைண்ணே உங்களுக்கு! மீட்டரைக் கேளுங்க.”

“ஓடு ராசா, நானும் கூடவே ஓடுறேன்!” என்று சுவரில் சுழன்றது மின் மீட்டர்.

சந்தோஷத்தில் மோட்டாருக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பு சூடேறச் சூடேற இன்னும் வேகமாக இழுத்தது.

உள்ளே ரெஜினா சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி, சுருட்டிப் பையில் வைத்தாள்.