பணிமனைக் கழிவறையில் ஒரு பல்பு

"ஒரே ஒரு ஒயர், மாப்ளே. யாருக்கும் தெரியாம இழுத்துக் குடுத்துடு."

பொறியாளர் இதை மைத்துனனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கழிவறைச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பேருந்துப் பணிமனைக்கு மைத்துனன்தான் எலெக்ட்ரீஷியன். கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டான்.

"இனிமே லைனே வேண்டாம், நானே கரண்டு தர்றேன்னு சொன்னது நீங்கதானே மாமா? இப்போ என்கிட்டயே கடன் கேக்கிறீங்க."

இரண்டு வருடமாக இதற்காகத்தான் பொறியாளர் உயிரை விட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் கழிவறை வாசலில் ஒரு போர்டு; பின்னால் பத்துப் பெட்டிகள்; உள்ளே நுண்ணுயிரிகள். வந்து விழும் சிறுநீரை அவை தின்னும். தின்னும்போது கொஞ்சம் மின்சாரம் தரும். அதில் வாசலிலுள்ள பல்பு எரிய வேண்டும். ஆய்வகத்தில் ஜோராக எரிந்த பல்பு, இங்கே வந்ததும் மின்மினி அளவுக்குக்கூட மினுக்கவில்லை.

நுண்ணுயிரிகள் பட்டினி கிடந்ததுதான் காரணம். இருநூறு ஆண்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவரும் உள்ளே வரவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும் ஓட்டுநர்கள், எவ்வளவு அவசரமானாலும் மதில் ஓரமாகத்தான் ஓடினார்கள். ஏன் என்று கேட்டால் சிரித்துவிட்டு நழுவினார்கள். வாசனைத் திரவம் தெளித்தார். புதுக் கண்ணாடி மாட்டினார். கடைசியில் 'மூத்திர இன்ஜினியர்' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்.

அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா வருகிறார். அன்று பல்பு எரியாவிட்டால் பத்துப் பெட்டியும் பழைய இரும்போடு போய்விடும்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவா?" என்றான் மைத்துனன்.

"உங்க அக்கா இப்பவே சாப்பிடறதுக்கு முன்னாடி என்னை மூணு தடவை கை கழுவ வைக்கிறா. இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நான் வீட்டுக்கே போக முடியாதுடா."

மைத்துனன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். ஒரே ஒரு நிபந்தனை போட்டான். திங்கள்வரைக்கும் மாமா அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது; அவர் முழிக்கிற முழியே காட்டிக் கொடுத்துவிடும்.

திங்கள் மதியம், சாப்பாட்டு நேரம். பட்டறை ஓய்ந்திருந்தது. அதிகாரியம்மா யாரையும் கூப்பிடாமல் பணிமனையைத் தனியாக ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கழிவறை வாசலுக்கு வந்தார். அங்கே பொறியாளரும் மைத்துனனும் காத்திருந்தார்கள்.

பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அவர் பெட்டிகளைக் குனிந்து பார்த்தார். ஒரு பெட்டி எவ்வளவு தரும், எத்தனை நாள் தாங்கும் என்றெல்லாம் விசாரித்தார். பொறியாளர் தரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். எல்லாப் பணிமனைகளிலும் இதை வைக்கலாம் என்று எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார் அதிகாரியம்மா.

பொறியாளரால் அதற்குமேல் முடியவில்லை. மைத்துனன் அவர் காலை மிதித்தான். மிதித்த காலை உதறிவிட்டு முன்னே வந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க, மேடம். இது பெட்டியில இருந்து வர்ற கரண்டு இல்லை. மெயின் லைன்ல இருந்து திருட்டுத்தனமா இழுத்தது. இழுக்கச் சொன்னது நான்தான். பையன் மேல தப்பில்லை."

அதிகாரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த மெயின் லைன்? இந்த மாதிரி பல்பு எரியுதுன்னு யார் சொன்னாலும், முதல்ல மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் நான் பார்க்கவே வருவேன். இங்கே கரண்டு போய் இருபது நிமிஷம் ஆச்சு."

பொறியாளர் பல்பைப் பார்த்தார். பிறகு மைத்துனனைப் பார்த்தார்.

"நான் ஒயரே இழுக்கலை, மாமா" என்றான் அவன். "வாசல்ல நீங்க மாட்டியிருந்த போர்டை மட்டும்தான் கழட்டினேன். 'உங்கள் சிறுநீர் இங்கே தினமும் பரிசோதிக்கப்படும்'னு எழுதி வச்சா, முந்தின நாள் ரெண்டு ரவுண்டு தண்ணி போட்ட டிரைவர் எவன் உள்ளே வருவான்?"