சிநோரா வீட்டுப் பரீட்சை

"பரீட்சை எத்தனை மணிக்கு?" என்று கேட்டபடியே அலோசியஸ் சமையல் மெஷினைத் தூக்கிக் காரில் வைத்தான்.

"பத்துக்கு, சிநோரா வீட்டிலை," என்றாள் கத்தரீனா. சிநோரா என்றால் அவளுடைய பழைய இத்தாலிய எசமானியம்மா. காலையிலிருந்து மூன்றாவது தடவையாகச் சட்டையை மாற்றியிருந்தாள்.

"எட்டு வருசம் நீ கூட்டித் துடைச்ச வீடு. அங்கை போய்ப் பரீட்சையெண்டால் ஒரு மாதிரித்தான் இருக்கும்."

"ஓமப்பா. முதல் பரீட்சையெல்லோ! மெஷின் விக்கிற ஆலோசகராய் வாறதெண்டால் சும்மாவே? அரை மணித்தியாலத்திலை மெஷினிலை மா குழைச்சு, சூப் வைச்சு, இடையிலை சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கவும் வேணும். முடிவிலை மேசையைத் தானே துடைக்கவும் வேணும்."

"துடைக்கிறதிலை உன்னை வெல்ல இந்தப் பலேர்மோவிலை ஆர் இருக்கினம்?"

சிரித்தவனை முறைத்துவிட்டு அவள் காரில் ஏறினாள்.

அழைப்பு மணியை அடிக்கும் முன்பே சிநோரா கதவைத் திறந்தாள். புது ஏப்ரன், வெளிறிய முகம். கணவனின் கடையைப் பூட்டிய பிறகு அவளுக்கு இந்த ஆலோசகர் வேலை எப்படியும் கிடைத்தாக வேண்டும்.

அந்தச் சமையலறையில் முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்த கத்தரீனா, மெஷின் கொம்பனியின் பரீட்சகராகப் புள்ளித்தாளை விரித்தாள்.

"தொடங்குங்கோ, சிநோரா."

மா நன்றாகவே குழைந்தது. சூப்பும் மணத்தது. எல்லாம் முடிந்ததென்று சிநோரா பெருமூச்சோடு ஏப்ரனைக் கழற்றினாள். மேசை முழுக்க மா.

பழக்கதோஷம், கத்தரீனாவின் கை தானாகத் துணிக்குப் போனது. எடுத்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு துணியைச் சிநோராவிடம் நீட்டினாள்.

"இதுக்கும் பத்துப் புள்ளி இருக்கு, சிநோரா."