கண்ணாடிக்கு மேலே இருந்த பட்டன்

பழைய வண்டிகள் விற்கும் கடையில் அந்த வண்டிக் கதவைத் திறந்ததுமே பின்வாங்கினேன். சீட்டெல்லாம் நாய் முடி. அடியில் பூசணம் பிடித்த உருளை வறுவல். கப் வைக்கும் குழியில் மென்று துப்பிய சூயிங்கம், அதில் ஒட்டியபடி சிவப்புச் சாயம் பூசிய ஒரு பொய் நகம்.

"சீ! இத ஓட்டினது பொம்பளையா, பன்னியா?"

"நேத்துதான் வித்துட்டுப் போனாங்க மேடம், இன்னும் கழுவல. அதான் விலை கம்மி" என்றான் விற்பனையாளன் கிளிண்ட். "பின்னாடி பாக்குற கண்ணாடிக்கு மேல பட்டன் இருக்கு பாருங்க. அமுக்கினா வீட்ல வண்டி நிறுத்துற கராஜ் கதவு தானா திறக்கும். அந்தம்மா எந்தக் கதவுக்குப் பதிஞ்சு வச்சாங்களோ, அத இன்னும் அழிக்கல. நீங்க உங்க வீட்டுக்கு மாத்திக்கலாம்."

என் கணவன் வெண்டல் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளியே நின்றான். "வேணாம் லொரெட்டா, வா போலாம். நாத்தம் தாங்கல."

டெக்சோமா ஏரிக்குப் படகை இழுத்துப்போக இப்படி யானை மாதிரி பெரிய வண்டிதான் எங்களுக்கு வேண்டும்.

"கழுவினா நாத்தம் போயிடும். ஆனா இவ்ளோ நீளம் நம்ம கராஜ்ல அடங்குமா? ஒருதரம் ஓட்டிட்டுப் போய்ப் பாத்துடுவோம்."

"வீட்டுக்கெல்லாம் எதுக்கு? அதெல்லாம் அடங்கும்" என்றான் வெண்டல் அவசரமாக.

"நீ என்ன அளந்தா பாத்த? ஏறு."

எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, பின்பக்கம் பார்க்கக் கண்ணாடியைத் திருப்பினேன். விரல் அந்தப் பட்டனில் பட்டுவிட்டது.

எங்கள் கராஜ் கதவு கடகடவென்று மேலேறியது.

பக்கத்தில் வெண்டல் இன்னும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"கைய எடு" என்றேன். "நாத்தம் வண்டியில இல்ல."