தெப்பம் இறக்கிய நாள்

யாராவது தன்னைத் திட்டினால் வெண்டல் பிரௌட்டிக்கு அன்று முழுக்க நல்ல நாள்.

அதிலும் திட்டுவது கஸ் பெல்கி என்றால் கேட்கவே வேண்டாம். ஹாப்சன் ஏரி மணற்கரைச் சங்கத்தின் பொருளாளர் அவர்.

"ஏம்ப்பா வெண்டல், இது உங்க அப்பன் வீட்டு மணலா? எந்திரிச்சுப் போப்பா."

வெண்டல் பெஞ்சில் சாய்ந்துகொள்வார். "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு கஸ். அக்கரையில இருக்கிறவங்களுக்குக் கேட்கலை."

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் ஏரியைச் சுற்றியிருந்த பண்ணையை மனை போட்டு விற்றவர், கரையில் ஒரு துண்டை மட்டும் விற்காமல், எல்லா மனைக்காரர்களுக்கும் பொதுவாக எழுதிவைத்தார். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் சங்கம் பிறந்தது. மணல்கூட அவர்கள் போட்டதுதான். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேலேயே மணலைப் பரப்பிவிடுவார்கள். வசந்தத்தில் பனி உருக உருக, மணல் தானாகவே இறங்கி ஏரியின் அடியில் சீராகப் படிந்துவிடும். கோடை வந்தால் தொப்பியில் பேட்ஜ் குத்தாத யாரும் அங்கே கால் வைக்க முடியாது. காட்டு வாத்துகளை மட்டும்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெண்டலின் வீடு சங்கத்து வேலிக்கு மறுபக்கம். பழைய பண்ணைக்குள் வராத மனை. எனவே பேட்ஜ் கிடையாது.

அவர் கெஞ்சவில்லை. வேலி முடிகிற மூலையில், சங்கத்தின் பக்கமாக, வில்லோ மரத்தடியில், ஒரு பெஞ்சைப் போட்டார். பிறகு படகைக் கொண்டுவந்து கவிழ்த்தார். பிறகு புல்லை வெட்ட ஆரம்பித்தார்.

கனெக்டிகட் சட்டப்படி, அடுத்தவர் நிலத்தைப் பதினைந்து வருடம் விடாமல் தன்னுடையதுபோல் வைத்துக்கொண்டால், அது அவருக்கே சொந்தமாகிவிடும். இதைச் சொல்லிக்கொடுத்தது வக்கீலாக இருக்கும் மைத்துனர்.

"ரெண்டே விஷயம் மச்சான். ஒளிஞ்சு செய்யாதே. அனுமதி வாங்காதே. 'சரி, இருந்துக்கோ'ன்னு அவங்க சொல்லி, நீயும் ஒத்துக்கிட்டா, அத்தோட எல்லாம் போச்சு."

அதனால்தான் கஸ் திட்டத் திட்ட வெண்டலுக்கு இனித்தது. ஊர் பார்க்கத் திட்டுகிறவரைவிடப் பெரிய சாட்சி யார்? சங்கத்தாரோ கத்தினால் போதும், கோர்ட்டுக்குப் போனால் கோடை வீணாகும் என்று இருந்துவிட்டார்கள். இந்த இலையுதிர்காலத்தோடு கெடு முடிகிறது. முடிந்ததும் தன் மூலையைச் சுற்றி வேலி. அந்த மூலையில்தான் தண்ணீர் முழங்காலளவு. தெருப் பிள்ளைகள் எல்லோரும் நீச்சல் பழகுவது அங்கேதான். அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். சொந்தக் கரையோடு கூடிய வீட்டை விற்றுவிட்டு வெண்டல் ஃபுளோரிடா போவார்.

இந்த வருடம் சங்கத்துக்குப் புதுத் தலைவி. லொரெய்ன் டட்டில், எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண்மணி. வந்ததும் கஸ்ஸின் வாயை அடைத்தார்.

"விடுங்க கஸ். பாவம், தனியா உக்காந்திருக்காரு."

மறுநாள் புளூபெர்ரி கேக்கோடு வந்தார். வெண்டல் எதற்கும் இருக்கட்டும் என்று, வேலி தாண்டித் தன் நிலத்தில் நின்றே அதை வாங்கிக்கொண்டார்.

"இங்க உக்கார எனக்கு யார் அனுமதியும் வேணாம், தெரியுமில்ல?"

"ஐயோ, நான் அதைப் பத்திப் பேசவே இல்லையே. கேக் ஆறிடும், சாப்பிடுங்க."

நல்ல ஏமாளி கிடைத்தாள் என்று நினைத்துக்கொண்டார் வெண்டல்.

மே மாதக் கடைசியில் தெப்பம் இறக்கினார்கள். பீப்பாய்கள் மேல் பலகை அடித்த அந்தத் தெப்பம் குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடக்கும். ஊரே கயிறு பிடித்து இழுத்தால்தான் தண்ணீருக்குப் போகும். இந்த முறை அது சரியாக வெண்டலின் மூலையில் வந்து மணலில் சிக்கிக்கொண்டது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

வெண்டலால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "உருளைக்கட்டையை முன்னாடி வைங்கப்பா. இப்படியா இழுப்பீங்க?" என்று தானே வந்து கயிற்றைப் பிடித்தார்.

"அடடா, பேட்ஜ் இல்லாதவங்க கயிறைத் தொட்டா இன்ஷூரன்ஸ்காரன் என்னைத் தொலைச்சிடுவான்" என்றார் லொரெய்ன். "தொப்பியில ஒண்ணு குத்திடட்டுமா?"

"குத்துங்க, குத்துங்க. கயிறு வழுக்குது."

தெப்பம் தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இத்தனை வருடத்தில் அந்த மணலில் தனக்காக யாரும் கை தட்டியதில்லை என்பது வெண்டலுக்கு உறைத்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

"வருஷா வருஷம் எடுக்கிற படம், இந்தத் தடவை இங்கேயே எடுப்போம். வெண்டல், நீங்க நடுவுல நில்லுங்க" என்றார் லொரெய்ன்.

வெண்டலின் மனசு துள்ளியது. தன் பெஞ்சு, தன் படகு, தான் வெட்டிய புல், சுற்றிலும் மொத்தச் சங்கம். கஸ் பெல்கிகூடத் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லாப் பல்லையும் காட்டினார்.

"எனக்கும் ஒண்ணு அனுப்புங்கம்மா."

"உங்களுக்குத்தான் முதல்ல."

வீட்டுப் படி ஏறும்போதே படம் வந்துவிட்டது. வெண்டல் அதை அப்படியே மைத்துனருக்குத் தள்ளிவிட்டார். 'இதைவிடச் சாட்சி வேணுமா?'

சற்று நேரத்தில் பதில் வந்தது. 'மச்சான், உன் தொப்பியைக் கழட்டிப் படி.'

வெண்டல் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களுடையது மீன் வடிவ பேட்ஜ். இது வட்டமாக, மஞ்சளாக, பளபளவென்று இருந்தது.

'விருந்தினர். சங்கத்தின் அன்பான அனுமதியுடன், இந்தக் கோடை முழுவதும்.'