இருபத்து மூணாம் நம்பர்

"இருபத்து மூணாம் நம்பரை இப்பவே தீர்த்துக் கட்டிடும்மா. நான் பிளேன் ஏறும்போது அது இருக்கக் கூடாது."

பேராசிரியர் சொன்னதை வெளியே நின்று யாராவது கேட்டிருந்தால் நேரே போலீசுக்குப் போன் போட்டிருப்பார்கள். உள்ளே நின்றதென்னவோ ஆராய்ச்சிக்காரி ஒருத்திதான். ஆறாம் மாடியில், ஜன்னலே இல்லாத அந்த அறையில், ஃப்ரீசருக்கும் மேஜைக்கும் நடுவே திரும்பக்கூட இடமில்லாமல் நின்றாள்.

விஷயம் இதுதான். ரத்தக்குழாயின் உள்சுவர் புண்ணாகி அழன்றால் ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறையும் என்று இரண்டு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். நோய் நொடி இல்லாத நாற்பது பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், முப்பத்தொன்பது பேருக்கு உறையப் பத்து நிமிஷத்துக்குக் குறையவில்லை. இருபத்து மூணுக்கு மட்டும் இரண்டே நிமிஷம்!

"மூணு தடவை பார்த்துட்டேன் சார். அந்த ஆளுக்கு எந்த நேரமும் ரத்தம் கட்டி அடைச்சுக்கும்."

"மெஷின் கோளாறும்மா. அந்த ஒரு புள்ளி என் கிராஃபையே கெடுக்குது. நாளன்னைக்கு மாநாட்டுல அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி நான் அசடு வழியணுமா?"

ஆராய்ச்சிக்கூடம் அவருக்கு வைத்த பேர் 'படிக்கட்டு'. ஆறு மாடியையும் நடந்தே ஏறி, லிஃப்டுக்கு நிற்பவர்களை, "கால் என்ன வாடகைக்குப் போயிருக்கா?" என்று வாருவார். இந்த வாரம் பயண அவசரத்தில் அவரே லிஃப்டில்தான் வந்து போய்க்கொண்டிருந்தார்.

"யாருன்னாவது பார்க்கலாமே சார். பேர் இருக்கிற கவரைப் பிரிக்கச் சொல்லுங்க."

"ஆய்வுல இருக்கிற வரைக்கும் பிரிக்கக் கூடாது. நீக்கினா மட்டும்தான் பிரிக்கலாம். நீ எழுதின விதிதானே?"

அவள் எழுதியதேதான். யார் ரத்தம் என்று தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று, பேர்களையெல்லாம் கவரில் போட்டு ஒட்டி, நர்ஸ் அக்காவின் அலமாரியில் பூட்டிவைக்கச் சொன்னவளும் அவள்தான். காலையில் கெஞ்சியும் பார்த்துவிட்டாள். "ரெண்டு பேர் கையெழுத்தோட வா, தாயே" என்று அக்கா சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெளியாட்கள் முப்பதோடு நின்றுபோனதால், மீதிக்கு வாட்ச்மேனிலிருந்து ஆறாம் மாடி ஆட்கள் வரை கையை நீட்டியிருந்தார்கள்; நம்பர்களையும் குலுக்கிப் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். ஏன், அவள் வீட்டுக்காரரும்தான். அவர் நாலு நாளாகக் கால் குடைகிறது என்று முனகிக்கொண்டிருக்கிறார். கால் நரம்பில் ரத்தம் கட்டினாலும் அப்படித்தான் குடையும்; அசையாமல் உட்கார்ந்தால் இன்னும் மோசம்.

பேராசிரியர் மேஜைமேல் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று, இருபத்து மூணை நீக்கும் படிவம். இன்னொன்று, இந்த மாதத்தோடு முடிகிற அவள் வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கும் கடிதம்.

"இதுல நீ போடு. அதுல நான் போடறேன். அந்த ஆளுக்கு, 'எடுத்து வெச்ச ரத்தம் கெட்டுப்போச்சு'ன்னு ஒரு போன் பண்ணிடு. கதை முடிஞ்சுது."

போட்டால் பொய். போடாவிட்டால் வேலை போச்சு. வேலை போனால் போகட்டும், அந்த ஆள் யாரென்றே தெரியாமல் போய்விடுமே! எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். தன் கையாலேயே கட்டிய சுவர் என்பதுதான் கொடுமை.

கடைசியில் பேனாவை எடுத்தாள்.

"காரணம்னு இருக்கிற இடத்துல மெஷின் கோளாறுன்னு எழுது."

அவள் எழுதினாள், 'இவருக்கு உடனே வைத்தியம் தேவை' என்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே, படிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டார் அவர்.

"பிழைக்கத் தெரிஞ்ச பொண்ணும்மா நீ!"

அவர் மற்ற கடிதத்தை இழுப்பதற்குள் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நர்ஸ் அக்கா இரண்டு கையெழுத்தையும் உற்றுப் பார்த்தாள். "அடிப்பாவி, நீயே நீக்கிட்டியா?"

"திட்டறதை அப்புறம் வெச்சுக்கோ. முதல்ல பிரி அக்கா!"

அக்கா கவரைக் கிழித்துப் படித்தாள். அப்படியே வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரரா? சொல்லித் தொலையேன்!"

அக்கா காகிதத்தை நீட்டினாள். படித்தவள் செருப்பு கழன்றதைக்கூடக் கவனிக்காமல் வராந்தாவில் ஓடினாள்.

பேராசிரியர் லிஃப்டுக்கு முன்னால் பெட்டியை வைத்துவிட்டு, குனிந்து இடது கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இன்னும் என்னம்மா? கடிதத்துலயும் கையெழுத்துப் போட்டாச்சு. பதினாலு மணி நேரம் அசையாம உட்கார்ந்து தூங்கப்போறேன், இப்பவாவது என்னை விடேன்."

லிஃப்ட் கதவு திறந்தது. அவள் குறுக்கே கையை நீட்டி மறித்தாள்.

"போகாதீங்க சார். இருபத்து மூணு நீங்கதான்."